மலை முழுக்க பூத்தாலும் ஆபத்து, வேலியில காணாமப் போனாலும் கவலை இல்லையா? குறிஞ்சியும் செங்காந்தளும்

போன மாசம் என் சித்தி பொண்ணு ஒரு கேள்வி கேட்டா, அதுக்குப் பதில் சொல்லப் போய்தான் இவ்ளோ நீளமா எழுத வேண்டியதாப் போச்சு. அவ போன்ல 2018ல எடுத்த குறிஞ்சிப் பூ போட்டோ ஒண்ணு இருந்துச்சு, மலைச்சரிவு மொத்தமும் ஊதா நீலத்துல போர்வை போத்துன மாதிரி. "ஏண்ணா, இதுல கோடிக்கணக்குல பூ இருக்கும் போல, இதப் போயி அழியுற ஆபத்துல இருக்குற செடின்னு லிஸ்ட்ல போட்டிருக்காங்களாமே, ஆனா நம்ம அம்மாயி வீட்டு வேலியில முன்னாடி இருந்த கண்வலிப்பூ இப்ப ஒண்ணக்கூடக் காணோம், அதுக்கு ஆபத்தே இல்லைன்னு போட்டிருக்கு, லிஸ்ட் போட்டவங்க மாத்திப் போட்டுட்டாங்களா?" அப்படின்னா.

மாத்தியெல்லாம் போடல. ஆனா கேள்வி ரொம்ப நியாயமான கேள்வி. ஒரு செடி ஆபத்துல இருக்கா இல்லையான்னு முடிவு பண்றதுக்கு நம்ம கண்ணு ஒரு கணக்கு வச்சிருக்கு, விஞ்ஞானிங்க வேற கணக்கு வச்சிருக்காங்க, ரெண்டும் எங்க பிரியுதுன்னு புரிஞ்சுக்க இந்த ரெண்டு பூவை விட நல்ல ஜோடி கிடைக்காது. ரெண்டும் நம்ம பூ, ரெண்டும் சங்கப் பாட்டுல வர்ற பூ, குறிஞ்சி ஒரு திணைக்கே பேரு, காந்தள், அதாவது அவ கேட்ட கண்வலிப்பூ, அந்தத் திணைக்குள்ள மலைச்சாரல்ல பூக்குற பூ, பொண்ணுங்க விரலுக்கு உவமை சொல்றதுக்குப் புலவர்களுக்குக் காந்தள் இல்லாம ஆகாது. அப்படி ஒரே மலையில ஒண்ணா நின்ன ரெண்டு பூ இன்னிக்கு ரெண்டு வேற வேற கட்டத்துல நிக்குது.

முதல்ல செங்காந்தள். இதுக்கு இருக்குற பேருங்களே ஒரு பக்கம் வரும். எங்க கொங்குப் பக்கம் கண்வலின்னு ஒரே வார்த்தையில சொல்லிருவாங்க, பூவை உத்துப் பார்த்தா கண்வலி வரும்னு ஒரு நம்பிக்கை. கிழங்கு கலப்பை மாதிரி வளைஞ்சு இருக்குறதால கலப்பைக்கிழங்கு. ஈழத்துல கார்த்திகைப்பூ, கார்த்திகை மாசம் பூக்குறதால, அங்க அந்தப் பூவுக்கு இருக்குற அரசியல் கனம் தனிக்கதை, இங்க அதுக்குள்ள போகல. தமிழ்நாட்டுக்கு மாநில மலர். செடி நூல்ல இதுக்குப் பேரு குளோரியோசா சுப்பர்பா, பேர்லயே பெருமை வழியுது.

பூவைக் கிட்டப் போய் பார்த்திருக்கீங்களா? பூ தலைகீழாத் தொங்கும், ஆனா இதழ் ஆறும் பின்பக்கமா மேல நோக்கி மடங்கி நிக்கும், ஓரமெல்லாம் அலை அலையா, தீ எரியுற மாதிரி. மொட்டுல பச்சை, விரியுறப்ப அடியில மஞ்சள் நுனியில சிவப்பு, நாள் ஆக ஆக முழுச் சிவப்பு, அதனால ஒரே கொடியில நாலு கலர்ல பூ இருக்கும். மகரந்தக் காம்பு ஆறும் சக்கரத்துக்கு ஆரம் வச்ச மாதிரி பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு நிக்கும். இன்னொண்ணு, சூல்பைக்கு மேல இருக்குற தண்டு நேரா நீளாம டக்குனு ஒரு பக்கமாத் திரும்பி மகரந்தத்தை விட்டு விலகிப் போயிடும், ஏதோ கோவிச்சுக்கிட்ட மாதிரி. இப்படி விலகி நிக்குறதாலதான் தன் மகரந்தம் தன் மேலேயே லேசுல விழாது. இலை நுனியும் பாருங்க, சுருள் சுருளா இருக்கும், தனியாப் பற்றுக்கம்பி கிடையாது, இலை நுனியே கை மாதிரி வேலியைப் பிடிச்சு ஏறும்.

கோடையில மேல இருக்குற கொடி மொத்தமும் காஞ்சு காணாமப் போயிடும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள்ள தூங்கும், மழை விழுந்ததும் மறுபடி முளைச்சு வரும். வருஷா வருஷம் இதே கதைதான். வேதாரண்யம் பக்கம் கடற்கரை மணல்லயும் வளரும், கரூர் பக்கம் காஞ்ச வேலியிலயும் வளரும், மலைச்சரிவுலயும் வளரும். நம்ம ஊர் மட்டும்னு நினைச்சுறாதீங்க, ஆப்பிரிக்காவுல ஆரம்பிச்சு இந்தியா இலங்கை தாண்டி தென்கிழக்கு ஆசியா வரைக்கும் பரவிக் கிடக்குற செடி இது. ஜிம்பாப்வேக்கு இதுதான் தேசிய மலர். 1947ல எலிசபெத், அப்ப ராணி ஆகல, இளவரசி, அந்த நாட்டுக்குப் போனப்ப இந்தப் பூ வடிவத்துலயே வைரத்துல ஒரு புரோச் செஞ்சு பிறந்தநாள் பரிசாக் கொடுத்தாங்க, அப்ப அந்த நாட்டுக்குப் பேரு தெற்கு ரொடீசியா. ஆஸ்திரேலியாவுல கதை உல்டா, தோட்டத்துல அழகுக்கு வச்சது கடற்கரை மணல்மேட்டுல பரவி, அங்க உள்ள செடிங்களை அமுக்குது, அங்க இதைக் களைன்னு சொல்லிப் பிடுங்கிப் போடுறாங்க. நம்ம மாநில மலர் அங்க களை!

அடுத்து குறிஞ்சி. ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. ஸ்ட்ரோபிலாந்தஸ்ங்கற பேரினத்துல நூத்துக்கணக்குல இனம் இருக்கு, மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே பல டஜன், ஒவ்வொண்ணுக்கும் ஒரு சுத்து, சிலது வருஷா வருஷம் பூக்கும், சிலதுக்கு ஏழு வருஷம் எட்டு வருஷம்னு கணக்கு. அதனாலதான் "குறிஞ்சி பூத்துருச்சு"ன்னு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா நியூஸ் வருது, வாட்சப்ல ஃபார்வர்டும் வருது, எல்லாம் ஒரே குறிஞ்சி கிடையாது. நாம பேசுறது 12 வருஷத்துக்கு ஒருக்காப் பூக்குற நீலக்குறிஞ்சி. கொடைக்கானல் மூணாறு பக்கம் 1982, 1994, 2006, 2018, அடுத்தது 2030. பளியர், முதுவர் மாதிரி மலைமக்கள் குறிஞ்சி எத்தனை தடவை பூத்ததுன்னு வச்சு வயசு சொல்லுவாங்கன்னு சொல்றது இந்தச் செடியைத்தான். கொடைக்கானல்ல குறிஞ்சி ஆண்டவர் கோயில் இருக்குல்ல, 1936ல ஈழத்துப் பொன்னம்பலம் இராமநாதனோட மனைவி லீலாவதி அம்மையார் கட்டுனது, அந்த முருகனுக்கும் இந்தப் பூ பேருதான்.

கிட்டப் போய் பார்த்தா, உண்மையச் சொல்லணும்னா, தனிப்பூ பெருசா ஒண்ணும் இல்ல. மணி மாதிரி சின்னப் பூ, கதிர்ல கொத்தா இருக்கும், கலர் வெளிர் நீலமும் ஊதாவும் கலந்தது. காந்தள் பக்கத்துல வச்சா யாரும் குறிஞ்சியத் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. அதோட அழகு கூட்டத்துல இருக்கு, ஒரே நேரத்துல மலை மொத்தமும் பூக்குறதுல இருக்கு. அப்படிப் பூக்குறதுக்கு ஒரு காரணமும் சொல்றாங்க, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாப் பூத்தா விதையைத் தின்ன வர்ற பூச்சி, பறவை, எலி எல்லாம் மிச்சம் வைக்காது, 12 வருஷம் சும்மா இருந்துட்டு ஒரே சீசன்ல கணக்கில்லாம விதையைக் கொட்டுனா தின்னு தின்னு சலிச்சாலும் மிச்சம் இருக்கும். பந்தியில ஆயிரம் பேருக்குச் சமைச்ச இடத்துக்கு நூறு பேரு வந்தா என்ன ஆகும், அந்த மாதிரி.

ஆனா பூத்து விதை விட்டதும் செடி செத்துப் போயிடும். வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் பூ. கிழங்கு கிடையாது, மறுபடி துளிர்க்கிறது கிடையாது. அந்த விதை முளைச்சு அடுத்த 12 வருஷம் பச்சைப் புதரா நின்னு தன் முறைக்குக் காத்திருக்கணும். இது எங்க வேணும்னாலும் வளராது, கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,340 மீட்டருக்கு மேல 2,600 மீட்டர் வரைக்கும் உள்ள உயரமான புல்வெளி மலைங்கதான் அதுக்கு வீடு. நீலகிரி, மூணாறு, பழனிமலை, ஆனைமலை, அப்புறம் கிழக்குத் தொடர்ச்சி மலையில ஏற்காடு இருக்குற சேர்வராயன் மலையில மட்டும் ஒரு கூட்டம். மொத்தம் 34 கூட்டம்னு கணக்கு, அதுல 33 மேற்குத் தொடர்ச்சி மலையில. உலகத்துல வேற எங்கயும் காட்டுல கிடையாது.

இப்ப லிஸ்ட் கதைக்கு வருவோம். ஐயுசிஎன்னு இயற்கைப் பாதுகாப்புக்கான ஒரு சர்வதேச அமைப்பு, 1948ல ஆரம்பிச்சது, 1964ல இருந்து சிவப்புப் பட்டியல்னு ஒண்ணு வச்சிருக்காங்க, ரெட் லிஸ்ட். பேரு ரெட் லிஸ்டுன்னு இருக்குறதால அதுல இருக்குறது எல்லாமே ஆபத்துல இருக்குன்னு நிறையப் பேரு நினைச்சுக்குறாங்க, தப்பு. சோதிச்சுப் பார்த்த எல்லாத்தையும் அதுல போடுவாங்க, நல்லா இருக்குறதையும் சேர்த்து, 1,60,000 இனத்துக்கு மேல இதுவரைக்கும் பார்த்திருக்காங்க. ஆஸ்பத்திரியில மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட் மாதிரி நினைச்சுக்கோங்க, ரிப்போர்ட்ல பேரு இருந்தா நோயாளின்னு அர்த்தம் இல்ல, என்ன எழுதியிருக்குன்னு பார்க்கணும்.

கட்டம் மொத்தம் ஒன்பது. அதுல ரெண்டு வெறும் "இன்னும் பாக்கல", "பார்க்கத் தகவல் பத்தல" அப்படிங்கறது, அதை விட்டுருவோம். மிச்சத்துல கீழ்ப்படி லீஸ்ட் கன்சர்ன், அதாவது இப்போதைக்குப் பெரிய கவலை இல்ல. அதுக்கு மேல நியர் த்ரெட்டன்ட், கிட்டத்தட்ட ஆபத்து. அதுக்கு மேல மூணு படிதான் உண்மையான ஆபத்துப் படிங்க, வல்னரபிள், என்டேஞ்சர்ட், கிரிட்டிகலி என்டேஞ்சர்ட், தமிழ்ல அழிவாய்ப்பு இனம், அருகிய இனம், மிக அருகிய இனம்னு எழுதுறாங்க. கடைசி ரெண்டும் முடிஞ்சு போன கதை, காட்டுல அழிஞ்சு தோட்டத்துல மட்டும் இருக்குறது ஒண்ணு, மொத்தமாவே போனது ஒண்ணு.

செங்காந்தள் லீஸ்ட் கன்சர்ன். நீலக்குறிஞ்சி வல்னரபிள், அதுவும் அது முறைப்படி சோதிச்சுப் பட்டியல்ல வந்ததே 2024லதான், அதுவரைக்கும் உலகமே போட்டோ எடுத்த பூவுக்கு ஒரு ரிப்போர்ட் கூட இல்லாம இருந்துச்சு, எனக்கு இது கொஞ்சம் ஆச்சரியம்தான்.

சரி, கோடிக்கணக்குல பூத்தது எப்படி வல்னரபிள்? இங்கதான் சித்தி பொண்ணு மாட்டிக்கிட்டா. அவ மட்டும் இல்ல, எல்லாருமே எத்தனை இருக்குன்னுதான் பார்ப்போம். எண்ணிக்கையும் ஒரு அளவுகோல்தான், வளர்ந்த செடி ஆயிரத்துக்குள்ளதான் இருக்குன்னா அதுக்காகவே வல்னரபிள்னு போடுவாங்க. ஆனா மொத்தம் அஞ்சு அளவுகோல் இருக்கு, அதுல எது ஒண்ணுல மாட்டுனாலும் போதும். முதல் அளவுகோல் எத்தனை இருக்குன்னு கேக்கவே கேக்காது, எவ்ளோ வேகமாக் குறையுதுன்னுதான் கேக்கும்.

உதாரணத்துக்கு ஒரு ஆளு எப்பவுமே 48 கிலோ, காலேஜ் படிக்கிறப்பவும் 48, கல்யாணத்துக்கும் 48, இப்பவும் 48. இன்னொருத்தர் நல்லா வாட்டசாட்டமா 90 கிலோ இருந்தவரு, கொஞ்ச நாள்ல 55க்கு வந்துட்டாரு. நிக்க வச்சுப் பார்த்தா ரெண்டாவது ஆளுதான் இன்னும் குண்டு. ஆனா டாக்டர் யாரைப் பார்த்துப் பதறுவாரு? குறிஞ்சி அந்த ரெண்டாவது ஆளு.

கணக்கு எப்படின்னா, கடந்த 10 வருஷம், இல்லன்னா அந்த உயிரோட மூணு தலைமுறைக் காலம், இதுல எது நீளமோ அதை எடுத்துக்குவாங்க. அந்தக் காலத்துக்குள்ள 30 சதவீதத்துக்குக் குறையாம சரிஞ்சிருந்து, சரிஞ்ச காரணமும் இன்னும் நிக்கலைன்னா வல்னரபிள், 50ன்னா என்டேஞ்சர்ட், 80ன்னா கிரிட்டிகல். ஏன் மூணு தலைமுறைன்னா, எலிக்குப் பத்து வருஷம்ங்கறது பல தலைமுறை, யானைக்கு ஒரு தலைமுறை கூட முழுசா ஆகாது, ரெண்டுக்கும் ஒரே காலண்டர் வச்சா சரியா வராதுல்ல. குறிஞ்சிக்கு ஒரு தலைமுறைன்னா பூவுக்குப் பூ 12 வருஷம்னு வச்சா மூணு தலைமுறை 36 வருஷம், அதாவது நம்மள்ல பாதிப் பேரு பொறந்ததுல இருந்து இன்னிக்கு வரைக்கும். ஒரு மனுஷன் வாழ்க்கையில நாலு அஞ்சு தடவைதான் இந்தப் பூவைப் பார்க்க முடியும், அதனால போன தடவைக்கு இந்தத் தடவை குறைஞ்சிருக்குன்னு கண்ணால கண்டுபிடிக்கிறதே கஷ்டம், 12 வருஷத்துக்கு முன்னாடி பார்த்தது யாருக்குச் சரியா ஞாபகம் இருக்கும்?

அதனால செடியை ஒவ்வொண்ணா எண்ணாம அது இருந்த இடம் எவ்ளோ போச்சுன்னு பார்த்திருக்காங்க, விதியிலயே அதுக்கு இடம் இருக்கு. அப்படிப் பார்த்ததுல கிட்டத்தட்ட 40 சதவீத இடம் போயிருச்சு. 30க்கு மேல, 50க்குக் கீழ. வல்னரபிள். அவ்ளோதான் விஷயம், போட்டோல எத்தனை பூ இருந்துச்சுங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

இடம் எங்க போச்சு? பெரும்பகுதி தேயிலைக்குப் போச்சு. அடுத்தது மரத்துக்கு, இதுதான் நிறையப் பேருக்கு உறைக்காத விஷயம். நம்ம மலை உச்சியில இயற்கையா இருந்தது பள்ளத்துல சோலைக்காடு, மேட்டுல புல்வெளி. வெள்ளைக்காரன் கண்ணுக்குப் புல்வெளி சும்மா கிடக்குற தரிசாத் தெரிஞ்சுது, யூகலிப்டஸ், வாட்டில், பைன்னு வெளிநாட்டு மரத்தைக் கொண்டாந்து நட்டான், ஊட்டிப் பக்கம் கற்பூர மரம், சீகை மரம்னு சொல்றாங்களே அதேதான். சுதந்திரத்துக்கு அப்புறமும் காகிதக் கூழுக்கு, தோல் பதனிட, விறகுக்குன்னு நட்டுக்கிட்டே இருந்தோம். வாட்டிலுக்கு நடக்கூட வேண்டாம், விதை விழுந்தாப் போதும், தானாப் பரவும். குறிஞ்சிக்கு வெயில் வேணும், திறந்த புல்வெளி வேணும், மரத்து நிழல் விழுந்துச்சுன்னா முடிஞ்சுது. மரம் நடுறது எப்பவுமே நல்லதுன்னு ஸ்கூல்ல இருந்து படிச்சு வந்த நமக்கு, மரம் நட்டு ஒரு செடியை அழிக்க முடியும்ங்கறது ஜீரணிக்கக் கொஞ்ச நேரம் ஆகும், எனக்கும் ஆச்சு. ஆபத்துப் பட்டியல்ல காடு வளர்ப்புத் திட்டமும் ஒரு காரணமா எழுதப்பட்டிருக்கு. அதோட ரோடு, ரிசார்ட்டு, மாறிக்கிட்டே இருக்குற மழை வெயில்.

குறிஞ்சிக்கு இன்னொரு சங்கடம் அதோட உடம்புலயே இருக்கு. வருஷா வருஷம் பூக்குற செடியை இந்த வருஷம் வெட்டிட்டா, போன வருஷத்து விதை மண்ணுல எங்கயாவது கிடக்கும், கிழங்கு இருந்தா அதுல இருந்து வரும். குறிஞ்சிப் புதரை பதினோராவது வருஷம் ரோடு அகலப்படுத்த வழிச்சு எடுத்துட்டா அதோட கதை அங்கயே முடிஞ்சுது, பதினோரு வருஷம் சேர்த்து வச்ச சேமிப்பை பேங்க்ல போடுறதுக்கு முதல்நாள் பறிகொடுத்த மாதிரி. பூத்த வருஷத்துல டூரிஸ்ட் கொத்துக் கொத்தாப் பறிச்சுட்டுப் போறதும் இதேதான், நீங்க பறிக்கிறது பூ இல்ல, அடுத்த 12 வருஷத்து விதை.

இப்ப காந்தளுக்கு வாங்க. வேலியில காணோமே, அப்ப ஏன் கவலை இல்ல?

ஒண்ணு, ரெட் லிஸ்ட் பார்க்கிறது உலகம் மொத்தத்தையும். எங்க கொங்குப் பக்கத்து மூலனூர் வேலியில இல்லைங்கறது மூலனூர்க்காரனுக்குத்தான் நியூஸ். ஆப்பிரிக்காவுல ஒரு பக்கம், பர்மா தாண்டி ஒரு பக்கம்னு இவ்ளோ பரப்புல இருக்குற செடி, ஒரு மூலையில குறைஞ்சா மொத்தக் கணக்குல தெரியாது. குறிஞ்சிக்கு அந்த வசதி இல்ல, நீலகிரியில போச்சுன்னா அது உலகத்துல பெரும்பங்கு போன மாதிரி. அதனாலதான் பல நாடுங்க உலகப் பட்டியலோட நிக்காம தனக்குன்னு தேசியப் பட்டியல் ஒண்ணும் போடுறாங்க, இலங்கையில போட்டிருக்காங்க. உலக அளவுல கவலை இல்லாத செடி உள்ளூர்ல ஆபத்துல இருக்கலாம், ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்க முடியும். லீஸ்ட் கன்சர்ன்னா "உலகத்துல இருந்து போயிடாது"ங்கறதுதான் அர்த்தம், "உங்க ஊர்ல இருந்து போகாது"ன்னு யாரும் கேரண்டி கொடுக்கல.

ரெண்டாவது, நம்ம ஊர்ல வேலியில இல்லாட்டியும் காட்டுல இருக்கு, காடுன்னா எங்க ஊர்ல தோட்டம்! தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, அந்தப் பக்கம் ஜெயங்கொண்டம், வேதாரண்யம்னு ஏக்கர் கணக்குல கண்வலி விவசாயம் பண்றாங்க. கம்பி கட்டியோ முள்கிளுவை வேலி போட்டோ அதுல ஏத்திவிட்டு, காலையில ஆள் வச்சு ஒவ்வொரு பூவுக்கும் கையாலயே மகரந்தம் தடவுவாங்க, நான் மேல சொன்னேன்ல, தண்டு கோவிச்சுக்கிட்டுத் திரும்பி நிக்கும்னு, அந்தக் கோவத்தைத் தீர்த்து வைக்கிற கூலி வேலை இது. சின்னப் பையனா இருந்தப்ப எங்க அம்மாயி தோட்டத்துல இந்த வேலை பார்த்த அக்காங்க விரல் நுனியெல்லாம் மஞ்சளா இருக்கும், "டேய், கையக் கழுவாம வாயில வைக்காத"ன்னு அம்மாயி அவங்களுக்கும் சேர்த்து எங்கிட்டக் கத்தும்.

கத்துனதுல நியாயம் இருக்கு. செடி மொத்தமும் விஷம், கிழங்கும் விதையும் ரொம்ப மோசம், கோல்ச்சிசின்னு ஒரு வேதிப்பொருள். அதே பொருள்தான் அளவா எடுத்தா கவுட்ங்கற மூட்டு வாத நோய்க்கு மருந்து, செடி ஆராய்ச்சியில குரோமோசோம் எண்ணிக்கையை ரெட்டிப்பாக்கவும் அதைத்தான் பயன்படுத்துறாங்க, அதுக்காகத்தான் விதைக்கு வெளிநாட்டுல கிராக்கி. நாட்டு மருந்துன்னு வீட்டுல யாரும் கையில தொட்டு விளையாடாதீங்க, மருந்துக்கும் சாவுக்கும் நடுவுல இடைவெளி ரொம்பச் சின்னது.

ஆனா இங்க ஒரு சூட்சுமம் இருக்கு, தோட்டத்துல பயிர் பண்றதை ரெட் லிஸ்ட் கணக்குல எடுத்துக்காது. காட்டுல தானா வாழுறது மட்டும்தான் கணக்கு. அப்படின்னா நூறு ஏக்கர் கண்வலித் தோட்டமும் பட்டியலைப் பொறுத்தவரைக்கும் பூஜ்யம். அது மட்டும் இல்ல, தோட்டம் பெருகுனதே காட்டுச் செடிக்கு அடியாவும் இருந்திருக்கு, விதை போட்டு வளர்த்தா பூக்குற அளவுக்குக் கிழங்கு திரள சில வருஷம் ஆகும், அவ்ளோ நாள் யாரு காத்திருப்பா, அதனால ஆரம்பத்துல நடவுக்கு வேலியிலயும் புறம்போக்குலயும் காட்டுலயும் இருந்த கிழங்கைத் தோண்டித்தான் எடுத்துட்டு வந்தாங்க. எங்க அம்மாயி வேலியில இருந்த கொடி எங்க போச்சுன்னு எனக்கு இப்பத்தான் உறைச்சுது, அது எங்கயும் போகல, யாரோ ஒருத்தர் தோட்டத்துக்குள்ள போய் உக்கார்ந்திருக்கும். போதாக்குறைக்கு கிளுவை வேலியெல்லாம் எடுத்துட்டுக் கல்லுக்கால் நட்டு கம்பிவேலி, காம்பவுண்டு சுவருன்னு ஆகிப்போச்சு, கொடி ஏற இடமும் இல்ல.

ஆக காந்தளோட லீஸ்ட் கன்சர்னை நான் முழு நிம்மதியோட படிக்கல. உலகக் கணக்குல சரி, நம்ம வேலிக் கணக்குல தப்பு. இது என்னோட கருத்து, பட்டியலோட கருத்து இல்ல.

பாதுகாப்புன்னு பார்த்தா குறிஞ்சிக்குக் கொஞ்சம் நடந்திருக்கு. 2006ல கேரளா இடுக்கி மாவட்டத்துல குறிஞ்சிமலை சரணாலயம்னு சுமார் 32 சதுர கிலோமீட்டர் ஒதுக்குனாங்க, ஒரு பூவுக்காகச் சரணாலயம்ங்கறது பெரிய விஷயம்தான், அதே வருஷம் தபால் துறை ஸ்டாம்பும் போட்டுச்சு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022ல திருத்துனப்ப அதுல செடிங்களுக்குன்னு இருக்குற மூணாவது அட்டவணையில நீலக்குறிஞ்சியையும் சேர்த்தாங்க, பிடுங்குனா அழிச்சா அபராதம், ஜெயில் வரைக்கும் போகலாம். இன்னொண்ணும் கவனிங்க, ரெட் லிஸ்ட் சட்டம் கிடையாது. வல்னரபிள்னு போட்டதால ஒரு செடியை வெட்டுறவனைப் பிடிச்சு உள்ள போட முடியாது, அது டாக்டர் ரிப்போர்ட் மட்டும்தான், மருந்து கொடுக்குறது அந்தந்த நாட்டுச் சட்டம். சட்டத்துல பேரு இருக்குறதால புல்வெளியில வாட்டில் பரவுறது நிக்கப் போறதும் இல்ல, வாட்டிலுக்கு யாரு நோட்டீஸ் கொடுக்குறது?

இதையெல்லாம் சித்தி பொண்ணுகிட்டச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப 2030ல நான் போட்டோ எடுக்குறப்பவும் மலை நீலமாத்தான் இருக்கும், ஆனா அது எத்தனை மலைங்கறதுதான் கேள்வி, இல்லண்ணா?" அப்படின்னா. நான் இத்தனை பக்கத்துல சொன்னதை அவ ஒரே மூச்சுல முடிச்சுட்டா.

போன மே மாசம் குடும்பத்தோட கொடைக்கானல் போயிருந்தோம். ஒரு திருப்பத்துல டீ குடிக்க நிறுத்துனப்ப ரோட்டோரச் சரிவுல இடுப்பளவு உயரத்துக்குப் புதர் புதரா நின்னுச்சு, இலை ஓரம் ரம்பம் மாதிரி, பூ ஒண்ணும் கிடையாது, அது மேல காலி சிப்ஸ் பாக்கெட்டும் தண்ணி பாட்டிலும் கிடந்துச்சு, ஒருத்தர் அதை மிதிச்சுக்கிட்டே போய் செல்பி எடுத்துக்கிட்டு இருந்தாரு. டிரைவர் அண்ணன்கிட்ட இது என்ன செடிண்ணான்னு கேட்டேன்.

"அதுவா, சும்மா பொதருங்க சார். குறிஞ்சிதான். பாக்குறதுக்கு இப்ப ஒண்ணும் இல்ல, முப்பதுல வாங்க."